சென்னை ஃபர்ம் 45,000, ஐகோர்ட் கிளை 12,000, தேவகோட்டை 6,000: முதல் மூணு வருஷத்தை எங்கே போடுவது?

கோட்டையூர்க்காரி

அஞ்சு வருஷ சட்டப்படிப்பு முடிச்சு என்ரோல்மெண்ட் ஆயிடுச்சு. ஏஐபிஇ (வக்கீல்களுக்கான அகில இந்திய பார் தேர்வு) இன்னும் எழுதல. வீட்டில் வக்கீல் யாரும் கிடையாது, அதனால்தான் இங்கே கேட்கிறேன். கையில் மூணு வாய்ப்பு இருக்கு.

சென்னையில் ஒரு நடுத்தர ஃபர்ம், கார்ப்பரேட் பிரிவு, மாசம் 45,000. லெட்டரில் "அசோசியேட்", "ரெட்டைனர் ஃபீஸ்" என்றுதான் இருக்கு. சம்பளம் என்ற வார்த்தையே இல்லை. விலக 3 மாச நோட்டீஸ். ஒரு வருஷத்துக்குள் விலகினால் பயிற்சிச் செலவு என்று 1 லட்சம் கட்டணும்.

ஐகோர்ட்டின் மதுரைக் கிளையில் ரிட்டும் (அரசு உத்தரவுகளை எதிர்த்துப் போடும் மனு) அப்பீலும் பார்க்கிற சீனியர் 12,000 தருகிறேன் என்கிறார்.

தேவகோட்டையில் சிவில் பார்க்கிற சீனியர் 6,000, கோர்ட் நாளுக்குத் தனியா பேட்டா. இது ஒன்றுதான் காரைக்குடி பக்கம் கோட்டையூரில் இருக்கும் வீட்டிலிருந்தே போய்வரக்கூடியது.

கல்விக்கடன் தவணை மாசம் 5,500. சிவில் ஜட்ஜ் தேர்வு எழுதும் எண்ணமும் இருக்கு. ஜூனியர்களுக்கு 15,000, 20,000 தரணும் என்று சுற்றறிக்கை வந்ததே, அதைச் சொல்லிக் கேட்கலாமா?

பாரிமுனை

லெட்டரில் சம்பளம் என்ற வார்த்தை இல்லாதது தற்செயல் இல்லை. பார் கவுன்சில் ஆஃப் இந்தியா விதி 49-ன்படி, பிராக்டிஸ் செய்யும் வக்கீல் முழுநேரச் சம்பள ஊழியராக இருக்கக் கூடாது. சம்பள வேலைக்குப் போனால் சன்னதை (பிராக்டிஸ் செய்யும் உரிமத்தை) நிறுத்தி வைக்கணும். அதனால்தான் ஃபர்ம்கள் உங்களை ஊழியர் என்று எழுதாமல் ரெட்டைனர் என்று எழுதும். விளைவு: பி.எஃப். இல்லை, கிராஜுவிட்டி இல்லை. லீவும் மருத்துவக் காப்பீடும் லெட்டரில் எழுதியிருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. வேலை நேரம் மட்டும் ஊழியரைவிட அதிகமாகவே இருக்கும்.

இப்போ கணக்கு. ரெட்டைனர் என்பது தொழில்முறைக் கட்டணம், 10 சதவீதம் டிடிஎஸ் (முன்கூட்டியே கழிக்கும் வருமான வரி) பிடிப்பாங்க. 45,000-ல் 4,500 போக கைக்கு 40,500. வருஷத்துக்கு 5,40,000 வரவு, 54,000 பிடித்தம். ரிட்டர்ன் போடும்போது வக்கீலுக்கான அனுமானக் கணக்கில் வரவில் பாதியை வருமானமாகக் காட்டலாம், அதாவது 2,70,000. புதிய முறையில் 4 லட்சம் வரை வரியே கிடையாது. ஆக 54,000 முழுவதும் திரும்பி வரும், ஆனா ஐடிஆர்-4 என்ற படிவத்தில் ரிட்டர்ன் போட்டால்தான். முதல் வருஷ ஜூனியர்கள் பலர் "நமக்குத்தான் வரியே இல்லையே" என்று ரிட்டர்ன் போடாமல் இந்தப் பணத்தை விட்டுவிடுறாங்க. போடும் முன் 26ஏஎஸ் என்ற வரிப் பிடித்தக் கணக்கைத் திறந்து, ஃபர்ம் உங்க பான் எண்ணில் பணத்தைக் கட்டியிருக்கா என்று பாருங்க. மறுபக்கமும் ஒன்று உண்டு: 2.7 லட்சம் காட்டின ரிட்டர்னோடு வண்டிக்கடனோ வீட்டுக்கடனோ கேட்டால் வங்கி அந்தத் தொகையைத்தான் பார்க்கும்.

ஜிஎஸ்டி பயம் வேண்டாம். தனி வக்கீல் இன்னொரு வக்கீலுக்கோ வக்கீல் ஃபர்முக்கோ செய்யும் சட்டச் சேவைக்கு விலக்கு இருக்கு. "பதிவு எடுத்துட்டு வா" என்று கணக்குப் பிரிவு சொன்னால் காரணத்தை எழுத்தில் கேளுங்க.

1 லட்சம் பாண்டு. "ஒப்பந்தச் சட்டம் 27-ன்படி செல்லாது" என்று யாராவது சொல்லுவாங்க, நம்பாதீங்க. 27 தடுப்பது விலகின பிறகு அதே தொழிலைச் செய்யாதே என்று கட்டிப்போடுவதை. வேலையில் இருக்கும் காலத்துக்கான பாண்டு வேறு. அரசு வங்கி ஒன்று வாங்கிய 2 லட்சம் பாண்டை உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் செல்லும் என்றே சொல்லிவிட்டது. உங்களுக்குள்ள பிடி பிரிவு 74: எழுதின தொகை உச்சவரம்புதான், நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும். கையெழுத்துக்கு முன்னாலேயே இரண்டு திருத்தம் கேளுங்க. ஒன்று, தொகை மாதாமாதம் குறையணும். ஆறாம் மாசம் விலகினால் 50,000. இரண்டு, ஃபர்ம் தானாக வெளியே அனுப்பினால் பாண்டு கிடையாது என்று ஒரு வரி. இரண்டாவதை மறுத்தால் அந்த இடத்தைப் பற்றி வேறொன்றும் தெரிஞ்சுக்க வேண்டியதில்லை.

வேலை என்னவாக இருக்கும்? முதல் வருஷம் பெரும்பாலும் டியூ டிலிஜென்ஸ்: நூற்றுக்கணக்கான ஒப்பந்தங்களைப் படிச்சு, கம்பெனி கைமாறும்போது யாருடைய சம்மதம் வேணும், எது ரத்தாகும் என்று அட்டவணை போடுவது. சிரில் அமர்சந்த், கைத்தான், ட்ரைலீகல் போன்ற முதல்வரிசை ஃபர்ம்கள் தருவது வருஷம் 15 லட்சத்துக்கு மேல்; ஆனா அவங்க ஆள் எடுப்பது பெரும்பாலும் தேசிய சட்டப் பல்கலைகளின் நாலாம் வருஷத்திலேயே. வெளியிலிருந்து போக வழி, நடுத்தர ஃபர்மில் இரண்டு மூணு வருஷம் இருந்து மாறுவது. அதுக்கு முதல் நாளிலிருந்தே நீங்க கை வைத்த டீல்களைக் கட்சிக்காரர் பெயர் இல்லாமல் குறித்து வையுங்க: எந்தத் துறை, எந்த மாதிரிப் பரிவர்த்தனை, எந்தப் பகுதி நீங்க எழுதினது. இரண்டு வருஷம் கழிச்சு உட்கார்ந்தால் ஒன்றும் நினைவு வராது.

தேவகோட்டை ரஸ்தா

பாரிமுனை சொன்ன கணக்கு சரி. ஆனா தங்கச்சி, 6,000-த்தைப் பார்த்ததும் தேவகோட்டையைத் தள்ளிடாதீங்க. அங்கே என்ன கிடைக்கும் என்று முதல்ல பாருங்க.

நம்ம பக்கத்து சிவில் கட்டு (வழக்கு) என்பது பெரும்பாலும் பாகப்பிரிவினை. ஒரு வளவு வீட்டுக்கு நாற்பது ஐம்பது பங்குதாரர், பாதிப்பேர் சென்னை, மீதி சிங்கப்பூர், மலேசியா. பர்மா, மலேயாச் சொத்தைத் தொட்டு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போன வழக்கெல்லாம் இந்த ஊர்க்காரங்க போட்டதுதான். இந்தக் கட்டு ஒண்ணை முதல் பிராதிலிருந்து (வழக்கு மனு) இறுதி டிக்ரி (கோர்ட்டின் முடிவு உத்தரவு) வரைக்கும் பழகினவங்களுக்கு மத்த சிவில் வழக்கு லேசு.

ஜூனியர் சறுக்குற இடங்களைச் சொல்றேன்.

முதலாவது கோர்ட் ஃபீ. கூட்டு அனுபவத்தில் இருக்கிறேன் என்று சொன்னால் தமிழ்நாடு நீதிமன்றக் கட்டணச் சட்டம் 37(2), நிலையான சின்னத் தொகை. அனுபவத்திலிருந்து ஒதுக்கிட்டாங்க என்றால் 37(1), பங்கோட சந்தை மதிப்பில் 3 சதவீதம். 37(2) போட்டுட்டு, உருக்கமா இருக்கட்டும் என்று பிராதிலேயே "என்னை வீட்டுக்குள் விடவில்லை, வெளியேற்றிவிட்டார்கள்" என்று எழுதிடுவாங்க. எதிர்த்தரப்பு அந்த ஒரு வரியைத்தான் பிடிக்கும். 50 லட்சம் பங்குக்கு 1,50,000 கட்டு என்று உத்தரவு வந்தால் கட்சிக்காரர் உங்க முகத்தில் முழிக்க மாட்டார்.

அடுத்து பெண்பிள்ளைகள் பங்கு. தேதி மூணையும் மனசில் வைங்க: 25.3.1989, 20.12.2004, 9.9.2005. இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கான தமிழ்நாட்டுத் திருத்தம் 89-லேயே பெண்ணுக்குப் பிறப்புரிமை கொடுத்துச்சு, ஆனா அந்தத் தேதிக்கு முன்னால் கல்யாணம் ஆனவங்களை விட்டுடுச்சு. 2005 மத்தியத் திருத்தம் அந்த வித்தியாசத்தை எடுத்துடுச்சு. அப்பா 2005-ல் உயிரோடு இருக்கணும் என்ற அவசியமில்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் முடிவு சொல்லிடுச்சு. 20.12.2004-க்கு முன்னால் பதிவுப் பத்திரத்தாலோ கோர்ட் டிக்ரியாலோ பிரிஞ்சிருந்தா அதைக் கிளற முடியாது. அதனால கட்சிக்காரர்கிட்ட முதல் நாளே கேட்க வேண்டியது சொத்து விவரம் இல்லை, அப்பச்சி (அப்பா) இறந்த தேதியும் பழைய பிரிவினை ஏதாவது உண்டா என்பதும்தான்.

பழைய கூர்ச்சீட்டு (குடும்பப் பங்கைப் பிரிச்சு எழுதின காகிதம்) பெட்டியிலிருந்து வரும். பதிவு இல்லாமல், பத்தாத முத்திரையில். அதைப் பார்த்ததும் ஆவணமாகச் சேர்த்துடாதீங்க. அன்னிக்கே அதன் மூலமாத்தான் பிரிவினை நடந்துச்சா, முன்னமே வாய்மொழியாப் பிரிஞ்சதை நினைவுக்கு எழுதி வச்சதா என்பதைப் பொறுத்து அதன் கதி மாறும். முன்னது பதிவில்லாம பிரிவினையின் ஷரத்துகளை நிரூபிக்கப் பயன்படாது. துணை நோக்கத்துக்குக் காட்டணும் என்றாலும் முத்திரைக் குறைவும், பத்து மடங்கு வரை அபராதமும் கட்ட வேண்டி வரும்.

சிங்கப்பூரிலிருந்து வர்ற பவர் பத்திரம் (தனக்காக வழக்கு நடத்த இன்னொருத்தருக்குக் கொடுக்கும் அதிகாரம்). அங்கே நோட்டரி முன்னாலோ இந்தியத் தூதரகத்திலோ கையெழுத்தாகியிருக்கணும். இங்கே வந்து சேர்ந்த 3 மாசத்துக்குள் முத்திரைத் தீர்வை செய்யணும். கூரியர் உறையைக் கட்டோடு சேர்த்து வைங்க, வந்த தேதிக்கு அதுதான் அத்தாட்சி. உறையைக் குப்பையில் போட்டுட்டு அப்புறம் தேடுறது இங்கே வாடிக்கை.

பணத்துக்கு வருவோம். 6,000-ல் தவணை 5,500 போனா மிச்சம் 500, பஸ்ஸுக்கே காணாது. அதனால அந்தத் தொகைக்கு ஒத்துக்காதீங்க. ஆனா மொத்தத் தொகையாக் கேட்டா சீனியர் சுணங்குவார். பிரிச்சுக் கேளுங்க: நிலையான தொகை 10,000, இ-ஃபைலிங், பத்திர ஆபீஸ் அலைச்சல் செலவு தனி, சீனியருக்கு வேண்டாத சின்னக் கட்டுகளைச் சொந்தமா நடத்த அனுமதி. காசோலை வழக்கு ஒண்ணு ஆரம்பிக்கத் தோதானது: செக் திரும்பினதாக வங்கி மெமோ வந்த 30 நாளில் நோட்டீஸ், நோட்டீஸ் கிடைச்சதிலிருந்து 15 நாள் பொறுத்து, அப்புறம் ஒரு மாசத்துக்குள் புகார். மூணு கெடுவில் எதைத் தவறவிட்டாலும் சிக்கல், அதனால நாட்குறிப்பில் சிவப்பு மையில் எழுதுங்க. அட்வகேட் கமிஷனர் (கோர்ட்டுக்காக இடத்தைப் பார்த்து அறிக்கை தரும் வக்கீல்) நியமனமும் ஜூனியர்களுக்கு வரும். அதில் ஃபீஸை கோர்ட்டே நிர்ணயிக்கும். அறிக்கையைக் கெடுவுக்குள் கொடுத்தவங்க பேர் அடுத்த தடவையும் நினைவுக்கு வரும்.

கோட்டையூர்க்காரி

ரெண்டு பேருக்கும் நன்றி. அண்ணே, 10,000 கேட்டுப் பார்க்கிறேன். ஒரு சந்தேகம்: சென்னை ஃபர்மில் மூணு வருஷம் இருந்தால் அது ஜட்ஜ் தேர்வுக்கு பிராக்டிஸாகக் கணக்கில் வருமா? வக்கீல் என்ற பேரில்தானே இருப்பேன்.

ஒத்தக்கடை

பேர் போதாது. 20.5.2025 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் சிவில் நீதிபதி பணிக்கு 3 வருடப் பிராக்டிஸைத் திரும்பக் கொண்டுவந்தபோது, அதை எப்படி நிரூபிப்பது என்பதையும் சேர்த்தே சொன்னது. நீங்கள் ஆஜராகும் நீதிமன்றத்தின் முதன்மை நீதித்துறை அதிகாரி சான்று தர வேண்டும். அல்லது 10 வருட அனுபவமுள்ள வக்கீல் சான்று தந்து அந்த அதிகாரி மேலொப்பம் இட வேண்டும். உயர் நீதிமன்றத்தில் பிராக்டிஸ் என்றால் 10 வருட வக்கீலின் சான்றுக்கு அந்த நீதிமன்றம் நியமிக்கும் அதிகாரி மேலொப்பம் இடுவார். கார்ப்பரேட் பிரிவில் உட்கார்ந்து ஒரு நாளும் கோர்ட்டுக்கு வராதவருக்கு எந்த அதிகாரி ஒப்பமிடுவார்? ஃபர்மிலேயே வழக்குப் பிரிவு இருந்தால் அதற்கு மாற்றிக் கேளுங்கள். அங்கே ரெட்டைனர் என்பது தடையில்லை.

இரண்டு நல்ல செய்தி. காலம் தற்காலிக என்ரோல்மெண்ட் தேதியிலிருந்தே ஓடும். ஏஐபிஇ தேறிய நாளிலிருந்து அல்ல. அதற்காக ஏஐபிஇ-யைத் தள்ளிப்போடாதீர்கள், என்ரோல்மெண்டிலிருந்து 2 வருடம்தான் கெடு. 100 கேள்வி, பொதுப்பிரிவுக்கு 45 சதவீதம், தமிழிலும் எழுதலாம், குறிப்பில்லாத வெறும் சட்டப் புத்தகம் கொண்டுபோகலாம். மற்றது, நீதிபதிகளிடம் லா கிளார்க்காக இருந்த காலமும் அந்த 3 வருடத்தில் சேரும். கிளைக்கும் ஆராய்ச்சி உதவியாளர் எடுப்பு வரும், கண் வைத்திருங்கள்.

12,000 பற்றி. கிளை மேலூர் சாலையில் இருப்பதால் காரைக்குடியிலிருந்து வரும் பஸ்ஸில் மாட்டுத்தாவணி வரை போகாமல் ஒத்தக்கடையிலேயே இறங்கிவிடலாம். ஆனாலும் தினமும் போக வர நாலு மணி நேரம். பத்தரைக்கு கோர்ட், அதற்கு முன் கட்டுப் பார்க்க வேண்டும், மாலையில் சேம்பர். இரண்டு மாதத்துக்கு மேல் உடம்பு தாங்காது, அறை எடுத்துத்தான் ஆக வேண்டும். அறையும் சாப்பாடும் போக தவணைக்கு மிஞ்சுமா என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

கற்பதில் ஒரு குறையும் உண்டு. ரிட் என்பது பெரும்பாலும் பிரமாண வாக்குமூலத்தில் ஓடுவது. சாட்சிக் கூண்டு இல்லை, குறுக்கு விசாரணை இல்லை. டிஎன்பிஎஸ்சி நடத்தும் சிவில் நீதிபதி முதன்மைத் தேர்வில் மொழிபெயர்ப்புக்கே ஒரு தனித் தாள். சாட்சியம், ஆவணம், தீர்ப்பு இவற்றைத் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கும் அங்கிருந்து இங்கும் மாற்றச் சொல்வார்கள். தமிழில் சாட்சியம் பதிவாகும் முன்சீப் கோர்ட்டில் தினமும் நிற்பவருக்கு அந்தத் தாளுக்குத் தனிப் பயிற்சி தேவைப்படாது. தேர்ச்சி பெற்றால் தொடக்க அடிப்படை ஊதியம் 77,840. உதவி அரசு வழக்கறிஞர் பணிக்கு 5 வருடக் குற்றவியல் பிராக்டிஸ் கேட்பார்கள், தொடக்கம் 56,100. சிவில் சீனியரிடம் மட்டும் இருந்தால் அந்தக் கதவு திறக்காது.

எங்கே சேர்ந்தாலும் ஒன்றைக் கறாராகக் கேளுங்கள்: வக்காலத்தில் உங்கள் பெயர். சீனியர் பெயரில் மட்டும் தாக்கலாகி, நீங்கள் வாய்தா மட்டும் வாங்கிக்கொண்டிருந்தால் மூன்று வருடம் கழித்துக் காட்ட ஒரு தாளும் இருக்காது. வழக்கு எண், தேதி, நீங்கள் செய்தது என்ன என்று ஒரு நோட்டு போடுங்கள். உங்கள் பெயர் வந்த நாளின் உத்தரவை இ-கோர்ட்ஸ் தளத்திலிருந்து அன்றே இறக்கி வையுங்கள்.

கல்லுக்கட்டி

சுற்றறிக்கைக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லலையே. 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதன் பேரில் நம்ம மாநில பார் கவுன்சில் போட்டது: சென்னை, மதுரை, கோவை 20,000, மற்ற மாவட்டம் 15,000. அக்டோபரில் இந்திய பார் கவுன்சில் நகரம் 20,000, கிராமம் 15,000 என்று பரிந்துரைச்சது. பரிந்துரை என்ற சொல்லைக் கவனிங்க. மதுரையும் தேவகோட்டையும் உங்களுக்குச் சொன்ன தொகை ரெண்டும் அதுக்குக் கீழேதான். காகிதத்தை நீட்டி 15,000 வாங்கினதா நம்ம பக்கம் கேள்விப்படல; "அப்ப வேற இடம் பாரும்மா" என்ற பதில்தான் வரும். ஆனா பேச்சைத் தொடங்க உதவும். 10,000 கேட்கும்போது 15,000 என்று ஒண்ணு இருப்பது அவருக்கும் தெரியும், நீங்க சொல்ல வேண்டியதில்லை.

அரசு இளம் வக்கீல்களுக்கு மாசம் 3,000 வீதம் 2 வருஷம் தரும் திட்டம் 2020-ல் தொடங்கினது. வயசு, குடும்ப வருமான நிபந்தனை உண்டு. உங்களுக்குப் பொருந்துதா என்று பாருங்க. 10,000-மும் 3,000-மும் சேர்ந்தா தவணை போக 7,500 நிக்கும், வீட்டுச் சாப்பாட்டில் அது காணும். சிவகங்கை சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் உதவி தற்காப்பு வழக்கறிஞர் இடம் வந்தா அதுவும் 3 வருஷத்துக்குக் கீழே அனுபவம் உள்ளவங்களுக்கானது, மாசத் தொகை ஒழுங்கா வரும். ஆனா அதில் இருக்கும்வரை தனியா கட்டு எடுக்க முடியாது.

தேவகோட்டை சேம்பர் சாயங்காலம் எத்தனை மணி வரைக்கும் என்று முதல்லயே கேட்டுடுங்க. கட்சிக்காரங்க வர்றதே ஏழு மணிக்கு மேலதான் என்றால் கோட்டையூர் வந்து சேர பத்தாகும். சனி, ஞாயிறு பகலில் சேம்பர், மத்த நாள் ஆறரைக்குக் கிளம்பலாம் என்று பேசி வச்சுக்கலாம், பல சீனியர் ஒத்துக்குவாங்க.

கோட்டையூர்க்காரி

பாண்டில் அந்த ரெண்டு திருத்தமும், வழக்குப் பிரிவுக்கு மாற்ற முடியுமா என்பதும் கேட்டு ஃபர்முக்கு மெயில் போட்டாச்சு. வெள்ளிக்கிழமை தேவகோட்டை போறேன். முதல் சந்திப்புக்கு என்ன கொண்டுபோகணும்?

தேவகோட்டை ரஸ்தா

என்ரோல்மெண்ட் நகல், கட்டணச் சட்டம் வெறும் புத்தகம், ஒரு கோடு போட்ட நோட்டு. வெள்ளிக்கிழமை கோர்ட் நாள், காலையில் சேம்பருக்குப் போகாதீங்க, பேச நேரம் இருக்காது. பத்தரைக்கு சப்-கோர்ட்டில் பின்வரிசையில் உட்கார்ந்து அவர் கட்டை எப்படி நடத்துறார், ஜூனியரைப் பேச விடுறாரா என்று பாருங்க. பார்த்துட்டு சாயங்காலம் போய்ப் பேசுங்க.